கன்றுக்கு யார் ஜாமீன்?

நெல் விதை சரியில்லை என்றால் பத்து நாளில் நாற்றங்காலே சொல்லிவிடும். பருத்தி விதை ஏமாற்றினால் ஒரு பட்டம் போகும், அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். மரக்கன்று அப்படியில்லை. இன்று குழியில் வைக்கிற எலுமிச்சைக் கன்று நல்லதா கெட்டதா என்று தெரிய நான்கைந்து வருடம் ஆகும். தெரிகிற அன்றைக்கு விற்றவன் எந்த ஊரில் இருக்கிறானோ, வாங்கியவன் எத்தனை தவணை பாக்கி வைத்திருக்கிறானோ.

வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் பக்கம்தான் அதிகம் சுற்றினேன். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் ஒரு பெரியவர் இரண்டு ஏக்கரில் எலுமிச்சை போடக் கடன் வாங்கினார். கிணறு ஆழப்படுத்தியது, மோட்டார், வேலி, இருநூறு கன்று எல்லாம் சேர்த்து ஒரே திட்டம். வெளியூர் நர்சரி ஒன்றிலிருந்து லாரியில் வந்த கன்று. ஐந்தாம் வருடம் காய்த்தபோது பாதிக்கு மேல் எலுமிச்சையே இல்லை. ஜம்பேரி. மேடும் பள்ளமுமாகத் தடித்த தோல், உள்ளே கொஞ்சம் சாறு.

"தோலு சட்டி மாதிரி இருக்கு சார். மார்க்கெட்ல ஒருத்தனும் தொட மாட்டேங்கான்" என்று காயைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, கன்னு வாங்கின ரசீது இருக்கா?" என்று கேட்டேன்.

ரசீது எங்கள் கோப்பிலேயே இருந்தது. "எலுமிச்சங்கன்று 200" என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. எந்த மரத்து விதை, எந்த மரத்துக் கண், யார் பார்த்தார்கள், ஒரு வரி கிடையாது. டிராக்டர் கடன் என்றால் என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இல்லாமல் பணம் பட்டுவாடா ஆகாது. கறவை மாடு என்றால் காதில் கம்மல் அடித்து, கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டுக்கு ஜாமீன் உண்டு, மரக்கன்றுக்கு இல்லை. பெரியவர் மரங்களை வெட்டினார், கடனைக் கட்ட நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். அந்த நர்சரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓய்வு பெற்றபின் இந்தக் கேள்வியோடு கொஞ்சம் படித்தேன். கன்றுக்குச் சான்று கொடுக்கும் வழக்கம் எங்கே, எப்படி, யார் சொல்லி வந்தது? பல நாட்டில் பல மரத்துக்குப் பல கதை இருக்கிறது. எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு குடும்பத்தின் கதைதான் எனக்கு முழுதாகக் கிடைத்தது. அது பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது. ஆனால் அதில் நம் ஊர் எலுமிச்சைக்கும் ஒரு வேஷம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு என்று ஓர் ஊர். 1873-இல் எலைசா டிபெட்ஸ் என்ற அம்மாள் அங்கே சில ஆரஞ்சுக் கன்றுகளை வைத்தார். வாஷிங்டனில் விவசாயத் துறையில் இருந்த வில்லியம் சாண்டர்ஸ் அனுப்பியவை அவை. மூலம் பிரேசில் நாட்டின் பாஹியா. பழத்தின் அடியில் தொப்புள் மாதிரி ஒரு சுழி இருக்கும், அதனால் நேவல் ஆரஞ்சு என்று பெயர். விதை இல்லாத பழம். விதை இல்லை என்றால் பெருக்குவதற்குக் கண் ஒட்டு ஒன்றுதான் வழி. டிபெட்ஸ் அம்மாள் வீட்டு மரங்களில் கண் எடுத்து ஒட்டி, அதிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டி, அந்த மாநிலத்தின் நேவல் தோட்டங்களெல்லாம் அப்படி உண்டானவையே. கண் ஒட்டு என்பது நகல் எடுப்பது. மூலம் நன்றாக இருந்தால் நகலும் நன்றாக இருக்கும், கறை இருந்தால் கறையும் வரும்.

முதலில் தெரியவந்த கறை, நோய் அல்ல. ஒரே தோப்பில், ஒரே மரத்து வம்சத்தில், சில மரம் நன்றாகக் காய்க்கிறது. சில மரம் இலையும் கிளையுமாகக் கொழுத்து வளர்ந்து, காயைக் காட்டவே மாட்டேன் என்கிறது. ஆர்ச்சிபால்டு ஷேமல் என்ற அரசு விஞ்ஞானி 1909-லிருந்து ரிவர்சைடு பக்கத் தோப்புகளில் மரம் மரமாகக் கணக்கு எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு மரத்துக்கும் எண், ஒவ்வொரு வருடமும் எத்தனை காய், என்ன எடை, என்ன தரம். எங்கள் வங்கி லெட்ஜர் மாதிரி மரத்துக்கு ஒரு பக்கம். சில வருடத்தில் விஷயம் வெளுத்தது. கிளையில் தானாக ஏற்படும் சிறு மாற்றங்கள் கண் வழியாகப் பரவுகின்றன. அதில் ஒரு வேடிக்கை. காய்க்காத மரத்தில்தான் தளதளவென்று குச்சி நிறைய கிடைக்கும். நர்சரிக்காரன் குச்சி வெட்டப் போகும்போது கை அந்த மரத்துக்குத்தான் போகும். கெட்ட மரம் அதிகமாகப் பெருக ஏமாற்று எண்ணமே தேவையில்லை, சோம்பல் போதும்.

இதைப் படித்த தோட்டக்காரர்கள் சட்டம் கேட்டுப் போகவில்லை. அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம், சன்கிஸ்ட் என்ற முத்திரையில் பழம் விற்ற அதே சங்கம், 1917-இல் கண் வழங்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. கணக்குப் பார்த்துத் தேர்ந்த மரங்களில் மட்டும் கண் வெட்டி, நர்சரிகளுக்கு விலைக்குக் கொடுத்தார்கள். வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாங்கிய நர்சரி, "எங்கள் கண் இன்ன இடத்தில் வந்தது" என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கன்றுக்கு முதல் ஜாமீன் கொடுத்தவர்கள் சர்க்கார் அல்ல, பழம் விற்கிறவர்கள். கூட்டுறவைப் பற்றி எனக்கு அதிகமாகப் பெருமையும் கொஞ்சம் கசப்பும் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த மரத்தை ஒருநாள் போய்ப் பார்த்தேன். மாக்னோலியா, ஆர்லிங்டன் என்று இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கிற மூலையில், இரும்பு வேலிக்குள் நிற்கிறது. 1873-இன் மரம், இன்னும் உயிரோடு. கோயில் தலவிருட்சம் மாதிரி பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. ஆனால் மரத்தைச் சுற்றி மெல்லிய வலையால் கூடாரம் போட்டிருந்தார்கள். "கொசுவலையா?" என்று கேட்டேன், மகள் சிரித்தாள். அது கொசுவலைதான், வேறு பூச்சிக்கு. அந்தப் பூச்சிக்கு நாம் பிறகு வருவோம்.

ஷேமல் கணக்கு எழுதிய காலத்தில் தோப்புகளில் இன்னொரு தொல்லை இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதான மரத்தின் பட்டை செதில் செதிலாக உரியும். கோந்து வடியும். மரம் மெல்ல மெலிந்து காய்ப்பை நிறுத்தும். சொரோசிஸ் என்று பெயர். நம் ஊரில் தோலுக்குச் சொல்கிற சொரியாசிஸ் பெயரின் உறவுதான். பூஞ்சையா, மண்ணா, தண்ணீரா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பட்டையைச் சுரண்டி மருந்து தடவினார்கள். 1933-இல் ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையத்தின் ஹோவர்ட் ஃபாசெட், பட்டையை விட்டுவிட்டு இளந்தளிரைப் பார்த்தார். நோயுள்ள மரத்தின் தளிரை வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகளுக்கிடையே சிறு சிறு வெளிர் கீற்றுகள். இலை முற்றினால் அவை மறைந்துவிடும். இது வைரஸ், கண் வழியாகப் போகிறது என்று அவர் எழுதினார்.

இதன் அர்த்தம் ஒரு தோட்டக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நர்சரியில் பச்சைப்பசேலென்று நிற்கிற ஒரு வயதுக் கன்றுக்குள் பத்து வருடம் கழித்து வரப்போகிற சாவு ஏற்கெனவே இருக்கிறது. பார்த்து வாங்கு என்று சொல்லிப் பயனில்லை, பார்த்தால் தெரியாது. ஆனால் நல்ல செய்தியும் அதிலேயே இருந்தது. தாய்மரத்தைச் சோதித்தால் போதும், அதன் பிள்ளைகள் அத்தனைக்கும் பதில் கிடைத்துவிடும். 1937-இல் கலிஃபோர்னியா விவசாயத் துறை சொரோசிஸ் இல்லாத தாய்மரங்களைப் பதிவு செய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தது. விருப்பமுள்ளவர் மரத்தைக் காட்டலாம். அதிகாரி பட்டையையும் தளிரையும் பார்த்துப் பதிவு கொடுப்பார். அந்த மரத்துக் கண்ணில் உண்டான கன்றுக்கு அதற்குரிய சீட்டு. இந்தக் குடும்பத்து மரங்களுக்கு நோயில்லாச் சான்று என்று உலகில் வந்ததில் முதலாவது இதுவென்று சொல்கிறார்கள்.

இது நன்றாக ஓடியது. ஏன் ஓடியது என்பதில்தான் எனக்கு அக்கறை. அன்று பரவிய விதத்தைப் பார்த்தால், சொரோசிஸ் ஒட்டுக் கத்திக்காரன் கைவழியே போகிற நோய். பக்கத்துத் தோப்பில் நோய் இருந்தால் என் தோப்புக்குத் தாவிவிடும் என்ற பயம் பெரிதாக இல்லை. சீட்டு உள்ள கன்று வாங்கியவனுக்கு லாபம், வாங்காதவனுக்கு நஷ்டம், கணக்கு நேர். ஒருவன் சிக்கனம் பார்த்தால் அவன் தலையோடு போயிற்று. அப்படி இருக்கிறவரை விருப்பச் சான்று போதும், போலீஸ் வேண்டாம்.

கணக்கு நேராக இல்லாமல் போனது தென் அமெரிக்காவில். அங்கே ஆரஞ்சையெல்லாம் கிச்சிலி வகையைச் சேர்ந்த புளிப்பு ஆரஞ்சு அடிக்கன்றில் ஒட்டியிருந்தார்கள். அடித்தண்டு அழுகல் நோயைத் தாங்கும் என்பதால் அப்படி. 1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அந்த ஜோடி மரங்கள் சாக ஆரம்பித்தன. இலை வாடும், வேர் பட்டினி கிடந்து அழுகும், மரம் போய்விடும். அர்ஜென்டினாவில் சுமார் ஒரு கோடி மரம், பிரேசிலில் அறுபது லட்சத்துக்கு மேல். பிரேசில்காரர்கள் அதற்கு டிரிஸ்டெசா என்று பெயர் வைத்தார்கள். போர்ச்சுகீசிய மொழியில் சோகம் என்று பொருள். தோப்பைப் பார்த்து வைத்த பெயர், அறிவியல் பெயர் இல்லை. 1946-இல் பிரேசிலில் மெனெகினி என்பவர் இதைக் கறுப்பு அசுவினி பரப்புகிறது என்று நிரூபித்தார். நம் எலுமிச்சைத் துளிரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த இனம். அதே வருடம் ஃபாசெட்டும் வாலஸ் என்பவரும் கலிஃபோர்னியாவில் மரங்களைக் கொன்றுகொண்டிருந்த நோயும் கண் ஒட்டு வழியாகப் போவதைக் காட்டினார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெளிவாயிற்று.

இப்போது நம் ஊர்க்காரர் வருகிறார். சாத்துக்குடி மரத்துக்குள் டிரிஸ்டெசா இருந்தாலும் பல சமயம் வெளியே தெரியாது. அப்படியானால் தாய்மரத்தை எப்படிச் சோதிப்பது? கண் எடுத்து ஓர் எலுமிச்சை நாற்றில் ஒட்டிப் பார் என்றார்கள். அவர்கள் கீ லைம், மெக்சிகன் லைம் என்று சொல்லும் சின்ன எலுமிச்சை நாம் சாதத்துக்குப் பிழிகிற அதே இனம். ஆசியாவிலிருந்து கப்பலேறி அந்தப் பக்கம் போனது. இந்த எலுமிச்சை மிகவும் சொரணை உள்ள செடி. வைரஸ் வந்த சில வாரங்களில், தளிரை வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு விட்டு விட்டு வெளுத்திருப்பது தெரியும். உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் ஆரஞ்சு மரங்களுக்குச் சாட்சி சொன்னது எலுமிச்சை நாற்றுதான். கருவிகள் வந்தபிறகும் அந்த நாற்றை முழுதாகக் கைவிடவில்லை.

ஃப்ளோரிடா மாநிலம் 1953-இல் தன் கண் பதிவுத் திட்டத்தை ஆரம்பித்தது. வின்டர் ஹேவன் என்ற ஊர் அதற்குத் தலைமையிடம். இதுவும் விருப்பத்தின் பேரில்தான். நடைமுறை இப்படி. தோட்டக்காரர் தன் நல்ல மரம் ஒன்றைக் காட்டுகிறார். ஆய்வாளர் பட்டையைப் பார்க்கிறார், காய்ப்பைப் பார்க்கிறார். கண் வெட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சாட்சிச் செடியில் ஒட்டுகிறார். சொரோசிஸுக்கு ஆரஞ்சு நாற்று, டிரிஸ்டெசாவுக்கு எலுமிச்சை. எக்சோகார்டிஸ் என்று ஒரு நோய், அதற்கு முதலில் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு கடாரங்காய்க்கு உறவான சிட்ரான் செடியில் ஒட்டினால் சில மாதத்தில் இலை சுருண்டு காட்டிக்கொடுக்கும் என்று கண்டுபிடித்தார்கள். எல்லாச் சாட்சியும் சுத்தம் என்றால் மரத்துக்குப் பதிவு எண். அதன் கண்ணில் ஒரு மூலத்தோப்பு, அதிலிருந்து பெருக்கும் பாத்திகள், அதிலிருந்து நர்சரி. எந்தக் கன்றையும் பிடித்து எண்ணைக் கேட்டால், பாட்டி மரம்வரை போய்ச் சேரலாம். நம் ஆட்கள் வில்லங்கச் சான்று எடுப்பார்களே, அதுபோல.

எக்சோகார்டிஸில் இன்னொரு பாடமும் இருந்தது. அது ஒட்டுக் கத்தியில் ஒட்டிக்கொண்டே மரத்துக்கு மரம் போகும். சலவைக்குப் போடுகிற பிளீச்சிங் கரைசலில் கத்தியை முக்கி எடுத்தால் தீர்ந்தது. தண்டச் செலவு ஒன்றுமில்லை. ஆனாலும் நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஒட்டுகிற ஆளிடம், மரத்துக்கு மரம் முக்கு என்று சொல்லிப் பாருங்கள். சான்றில் எழுதியிருப்பதைவிட அந்தக் கிண்ணம் அவன் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஃப்ளோரிடா இப்படி விருப்பத்தின் பேரிலேயே ஓட்டியது. நல்ல நர்சரிகள் சேர்ந்தன. சேராதவையும் பிழைத்தன, குறிப்பாகக் கன்றுக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில். 1962 டிசம்பரில் ஒரு பெரும் உறைபனி. 1983, 1985, 1989 என்று மறுபடி மறுபடி. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் மரம் கருகும், மறுவாரம் எல்லாருக்கும் கன்று வேண்டும். அப்படிப்பட்ட வருடத்தில் எவன் சீட்டைக் கேட்பான்? என் கோப்பிலிருந்த அந்த ரசீதும் கன்றுக்குத் தட்டுப்பாடு இருந்த வருடத்து ரசீதுதான்.

1984 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃப்ளோரிடாவில் ஒரு நர்சரியில் கன்றுகளின் இலையில் புள்ளிகள். கேங்கர் என்ற பயங்கர பாக்டீரியா நோய் என்று முடிவு கட்டினார்கள். நம் எலுமிச்சையில் சொறி நோய் என்கிறோமே, அந்த நோய்தான். நாம் அதோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறோம், அவர்களுக்கு அது பரம எதிரி. அங்கிருந்து கன்று போன இடங்களையெல்லாம் தேடித் தேடி எரித்தார்கள். இரண்டு கோடி அளவுக்குக் கன்றுகளும் இளமரங்களும் சாம்பலாயின. பின்னால் ஆராய்ந்து பார்த்தால் அது உண்மையான கேங்கரே இல்லை. வேறொரு பாக்டீரியா, நர்சரியில் சில அடிக்கன்று வகைகளைத்தான் பெரிதாகத் தாக்கும், தோப்பில் வளர்ந்த மரத்துக்கு அவ்வளவு ஆபத்தில்லை. எரித்த அதிகாரிகளைத் திட்டுவது எளிது. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால் எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நர்சரிக்காரர்கள் ஆய்வாளர் வண்டியைப் பார்த்தாலே முகம் சுளித்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. தானாக வந்து மரத்தைக் காட்டு என்று சொல்கிற திட்டத்துக்கு அது நல்லதல்ல.

1995-இல் அந்தக் கறுப்பு அசுவினி ஃப்ளோரிடாவில் இறங்கியது. டிரிஸ்டெசா அதற்கு முன்பே அங்கே இருந்தது. அதைத் திறமையாகச் சுமக்கிற பூச்சி இல்லாமல் இருந்தது, இப்போது வந்துவிட்டது. இனி பதிவில்லாத ஒரு கன்று என்பது அதை வாங்கியவன் நஷ்டம் மட்டும் இல்லை. அசுவினி அங்கே உட்கார்ந்து எழுந்து, காசு கொடுத்துச் சீட்டுள்ள கன்று வாங்கிய பக்கத்துக்காரன் தோப்புக்குப் போகும். சிக்கனம் பார்த்தவன் ஒருவன், செத்தது இன்னொருவன் மரம். 1997 ஜனவரி முதல் ஃப்ளோரிடாவில் திட்டம் கட்டாயமாயிற்று. 44 வருட விருப்பம் முடிந்தது.

விருப்பத் திட்டம் தோற்றது என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படிப் படவில்லை. கட்டாயம் என்று அறிவித்த அன்றைக்குச் சோதித்த தாய்மரங்கள் கையில் இருந்தன, சோதிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், எண் போட்ட ஏடுகள் இருந்தன, அந்த வழக்கத்துக்குப் பழகிய நர்சரிகள் இருந்தன. இவை ஒன்றும் இல்லாமல் முதல் நாளே சட்டம் போட்டிருந்தால், சீட்டு அச்சடிக்கிற தொழில் ஒன்றுதான் வளர்ந்திருக்கும். ரேஷன் கார்டிலிருந்து எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

இப்போது அந்த வலைக்கூடாரப் பூச்சி. சில்லிட் என்பது கடுகளவு பூச்சி, இலையில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். அது பரப்புகிற நோய்க்குச் சீனப் பெயர், தமிழில் மஞ்சள் தளிர் நோய் எனலாம். நம் ஊர் விஞ்ஞானிகள் பசுமை நோய் என்பார்கள், காய் பழுக்காமல் பாதி பச்சையாகவே நிற்பதால். இந்தியாவில் ஆரஞ்சுத் தோட்டங்கள் மேலிருந்து பட்டுக்கொண்டே வருவதை ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1958-இல் வாசுதேவாவும் கபூரும் பம்பாய் மாநிலத்தில் டிரிஸ்டெசா இருப்பதைக் காட்டினார்கள். 1966-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லிலியன் ஃபிரேசர் என்ற அம்மாள், கபூர் முதலானவர்களுடன் சேர்ந்து, பல இடத்தில் காரணம் இந்தப் பசுமை நோயாக இருக்கலாம் என்று எழுதினார். அடுத்த வருடமே கபூர் குழுவினர் சில்லிட் பூச்சிதான் அதைச் சுமக்கிறது என்று காட்டினார்கள். அறிவு நம்மிடம் அறுபது வருடத்துக்கு முன்பே இருந்தது.

ஃப்ளோரிடாவில் அந்த நோய் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் திறந்தவெளி நாற்றங்கால்களையே மூடினார்கள். இனி எல்லாக் கன்றும் வலைவீட்டுக்குள், இரட்டைக் கதவு போட்டு. மூலமரங்களையே வடக்கே சீஃப்லாந்து என்ற ஊருக்கு, பெரிய தோப்புகளை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனார்கள். கன்று சுத்தமாயிற்று, ஆனால் தோப்பில் நடுகிற நிமிடமே பூச்சி காத்திருந்தது. 1997-98-இல் 24 கோடியே 40 லட்சம் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், 2022-23-இல் சுமார் 1 கோடியே 60 லட்சம் பெட்டி. நல்ல கன்று எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

கலிஃபோர்னியா 2010-இல்தான் சோதனையைக் கட்டாயமாக்கியது. இரண்டு வருடத்தில், 2012-இல், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஹசியெண்டா ஹைட்ஸ் என்ற இடத்தில் முதல் நோய் மரம் சிக்கியது. நர்சரியில் இல்லை, தோப்பிலும் இல்லை, ஒரு வீட்டின் பின்கட்டில். ஒரே மரத்தில் பலவகை ஒட்டியிருந்த மரம். எங்கிருந்தோ யாரோ ஆசையாகக் கொடுத்த குச்சி வழியாக வந்திருக்கலாம் என்பதுதான் பொதுவான ஊகம். சட்டம் நர்சரி வாசலில் நிற்கும், கைப்பையில் வருகிற குச்சியைப் பிடிக்காது.

இந்தச் சில்லிட்டுக்கு ஆரஞ்சு அளவுக்குப் பிடித்த இன்னொரு செடி கறிவேப்பிலை. அதனால் அங்கே கறிவேப்பிலைக் கன்றை இடம் விட்டு இடம் கொண்டுபோகத் தடை, ஊரிலிருந்து பச்சை இலை கொண்டுபோனால் விமான நிலையத்தில் பறிமுதல். "அப்பா, தாளிக்கிறதுக்குக் கூடவா?" என்று மகள் முதல் வருடம் போனில் புலம்பினாள். இப்போது தொட்டியில் ஒரு செடி இருக்கிறது, அனுமதி பெற்ற நர்சரியில் சீட்டோடு வாங்கியது. எங்கள் வீட்டில் சான்று பெற்ற முதல் கன்று அதுதான்.

இங்கே என்ன நிலை என்று கேட்பீர்கள். பஞ்சாப் 1961-லேயே பழமர நர்சரிகளுக்குச் சட்டம் போட்டது. நாக்பூரில் 1985-இல் இந்தக் குடும்பத்து மரங்களுக்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி மையம் தொடங்கியது. நுனிக்குருத்தை உருப்பெருக்கியின் கீழ் ஒட்டி வைரஸ் இல்லாத கன்று எடுக்கிற முறையை அங்கே செய்கிறார்கள். தேசியத் தோட்டக்கலை வாரியம் நர்சரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது, ஓட்டல் மாதிரி நட்சத்திரத் தரத்தோடு. விண்ணப்பிப்பது நர்சரிக்காரர் விருப்பம். அவர்கள் வந்து தாய்மரத் தொகுதி இருக்கிறதா, கண் எங்கே எடுத்தது, மண் கலவை என்ன, பதிவேடு உண்டா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

இதில் ஒரு சின்னத் திருகாணியைச் சேர்த்தவர் யாரோ தெரியாது, அவரை நான் பாராட்டுகிறேன். தோட்டக்கலை இயக்கத்தின் மானியத்தில் நடுகிற கன்று அங்கீகாரம் பெற்ற நர்சரியில்தான் வாங்கியிருக்க வேண்டும் என்று விதிமுறையில் எழுதிவிட்டார்கள். நர்சரிக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் மானிய வியாபாரம் வேண்டுமென்றால் நட்சத்திரம் வேண்டும். சட்டப்படி விருப்பம், கல்லாப்பெட்டிப்படி கட்டாயம். எங்கள் காலத்தில் வங்கி ஒரு சுற்றறிக்கையில் இரண்டு வரி சேர்த்திருந்தால், என்ஜின் நம்பர் கேட்ட இடத்தில் தாய்மர எண்ணையும் கேட்டிருக்கலாம். மானியமில்லாமல் சொந்தக் காசில் நடுகிறவர்களுக்கு இன்றும் அந்த வரி இல்லை.

போன மாதம் சங்கரன்கோவில் சாலையில் ஒரு நர்சரியில் நின்று, இந்த எலுமிச்சைக் கன்று எந்த மரத்து விதை என்று கேட்டேன். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தான். அவர், "தாய்மரம் நம்ம தோப்புலதான் அண்ணாச்சி நிக்கி, வாங்க காட்டுதேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மரம் இருபது வயதிருக்கும். ஒரு கொத்துத் தளிரை வளைத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நரம்பு இரண்டு மூன்று இலையில் விட்டு விட்டு வெளுத்திருந்தது. அவரையும் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவர், அடுத்த மரத்துத் தளிரையும் வளைத்துப் பிடித்தார்.